பொண்ணு வெயிட் 48 கிலோ, கார்டு பாக்கி 32,000: புரோட்டீன் பவுடருக்கு செயின அடகு வைக்கலாமா?

கேள்வி: சார், நாங்க வியாசர்பாடி. வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்றார், நான் வீட்லயே தையல், ரெண்டும் சேர்ந்து மாசம் 30,000 வரும். பொண்ணு பத்தாவது படிக்கிறா, பாக்ஸிங் போறா, 48 கிலோ. கூட வர்ற பசங்க சொன்னாங்கன்னு புரோட்டீன் பவுடர் 2,900, பிசிஏஏன்னு ஒரு அமினோ ஆசிட் பவுடர் 2,500, பிராக்டிசுக்கு முன்னாடி குடிக்கிற ப்ரீ ஒர்க்கவுட் பவுடர் 2,100ன்னு மாசம் 7,500 ஆகுது. 4,000 கைல இருந்து, மிச்சம் 3,500 கிரெடிட் கார்டுல. கார்டு பாக்கி 32,000 ஆயிடுச்சு, வட்டி மாசம் 3.5 சதவீதம், மினிமம் 1,600 மட்டும் கட்றேன். இப்போ 6 மாசத்துக்கு மொத்தமா வாங்கினா டிஸ்கவுண்ட் தர்றாங்களாம். ரெண்டு சவரன் செயின அடகு வச்சு வாங்கிடட்டுமா? போட்டிக்கு முந்தின நாள் வெயிட் ஏறிடும்னு தண்ணி கூட குடிக்க மாட்டேங்கிறா, அதுவும் பயமா இருக்கு.

பதில்: அக்கா, செயின அடகு வைங்க. ஆனா பவுடருக்கு இல்ல, கார்ட முடிக்கிறதுக்கு.

தெருவுல யாராவது நூத்துக்கு மூன்றரை ரூபா வட்டின்னு சொன்னா நீங்க வாசப்படி ஏற மாட்டீங்க, கார்டுல அதத்தான் கட்டிட்டு இருக்கீங்க. 32,000க்கு மாச வட்டி 1,120, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி ஒரு 200, ஆக நீங்க கட்ற 1,600ல அசல்ல கழியறது வெறும் 280 ரூபா, அத கட்டின கையோட மறுபடி 3,500 தேய்க்கிறீங்க. பாக்கி நிக்கிற கார்டுல புதுசா தேய்ச்சா அதுக்கு முதல் நாள்ல இருந்தே வட்டி ஓடும், அதனாலதான் எவ்ளோ கட்டினாலும் குறையல. பேங்க்ல நகைக் கடன் நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னே வச்சுக்கோங்க, மாசம் 320தான். செயினுக்கு எவ்ளோ தருவாங்களோ அவ்ளோவும் எடுக்காதீங்க, 32,000 மட்டும் எடுத்து அன்னிக்கே கார்டு பாக்கிய முடிச்சிட்டு கார்ட பீரோல வச்சு பூட்டுங்க.

இப்போ சாப்பாட்டுக்கு வர்றேன், உங்க பணம் ஓட்டையாகுறதே அங்கதான். என் தங்கச்சி பையன் ஃபுட்பால் ஆடுறான், போன வருஷம் அவன் செலவு நோட்ட வாங்கி பாத்தேன், ஒரு பக்கத்துல பவுடர் 2,900ன்னு இருக்கு, அதே மாசம் முட்டைக்கு 60 ரூபா. காலைல 5 மணிக்கு வெறும் வயித்தோட கிரவுண்டுக்கு ஓடி, திரும்பி வந்து ஒரு ஸ்கூப் கலக்கி குடிச்சிட்டு ஸ்கூலுக்கு போயிருக்கான் புள்ள, எனக்கு அன்னிக்கு மனசே ஆறல.

உங்க பொண்ணு மாதிரி தினம் டிரெயினிங் பண்ற 48 கிலோ புள்ளைக்கு ஒரு நாளைக்கு 70 கிராம் புரோட்டீன் வந்தா தாராளம். 3 முட்டைல 18, அரை லிட்டர் பால்ல 16, 100 கிராம் மீன்ல 20, நீங்க எப்பவும் போட்ற இட்லி சோறு சாம்பார்ல இன்னொரு 20 வந்துடும், முடிஞ்சுது கணக்கு. வஞ்சிரமெல்லாம் வேணாம்க்கா, காசிமேட்டு மத்தியும் நெத்திலியும் புரோட்டீன்ல அதுக்கு சளைச்சது இல்ல. மீன் இல்லாத அன்னிக்கு 30 கிராம் சோயா உருண்டைல 15, ஒரு கிண்ணம் கொண்டக்கடலை சுண்டல் சேர்த்தா சரியாயிடும். அவ டப்பால 30 ஸ்கூப்புன்னா ஒரு ஸ்கூப் 97 ரூபா, அதுல 24 கிராம் புரோட்டீன், 4 முட்டைலயும் அதே 24தான், 30 ரூபால முடியும். பிராக்டிசுக்கு முன்னாடி வாழப்பழமும் ஒரு கடலமிட்டாயும், வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள முட்டையோட டிபன். சோத்த குறைக்க சொல்லாதீங்க, குத்து விட்ற தெம்பு அதுலதான் வருது. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 93 ரூபான்னு போட்டேன், மாசம் 2,800.

பிசிஏஏ தனியா வேணாம், அது முட்டைலயும் பால்லயுமே இருக்கு. ப்ரீ ஒர்க்கவுட்ட இன்னிக்கே நிறுத்துங்க, பெரும்பாலும் அதுல காஃபின் கொட்டி வச்சிருப்பாங்க, 15 வயசு உடம்புக்கு ஆகாது. இன்னொன்னு, சில டப்பால லேபிள்ல போடாத தடை மருந்து கலந்திருக்கும், ஊக்க மருந்து தடுப்பு அமைப்பான நாடாவோட டெஸ்ட்ல மாட்டினா தெரியாம சாப்பிட்டேன்னு சொல்லி தப்பிக்க முடியாது, மைனர்னாலும் டெஸ்ட் உண்டு. இத்தன வருஷம் நீங்க போட்ட முதல் ஒரே நாள்ல போயிடும்க்கா.

தண்ணி விஷயத்துல தயவுசெஞ்சு கண்டிப்பா இருங்க. 48 கிலோல ஒரு கிலோ தண்ணி இறங்கினாலே 2 சதவீதம், அதுக்கே கை கால் வேகம் குறையும், நம்ம ஊர் மே மாச வெயில்ல மயக்கமும் வரும். பிராக்டிசுக்கு முன்னாடியும் பின்னாடியும் வெயிட் பாக்க சொல்லுங்க, அரை கிலோ குறஞ்சா முக்கா லிட்டர் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். எலுமிச்சம்பழத்துல உப்பும் சக்கரையும் போட்டு குடுங்க, மோர், நீராகாரம் எதுவும் ஓகே. ஸ்கூல் பாத்ரூம் சரியில்லன்னு பொண்ணுங்க பகல் முழுக்க தண்ணி குடிக்காம இருக்கும், அத பக்கத்துல உக்காந்து கேளுங்க. பட்டினி கெடந்துதான் 48 நிக்கும்னா அடுத்த வெயிட் பிரிவுக்கு மாத்துங்கன்னு கோச்கிட்ட நீங்களே பேசுங்க, வளர்ற புள்ள அவ.

ஸ்டான்லி ஆஸ்பத்திரில ஹீமோகுளோபின் ஒரு தடவ பாத்துடுங்க, 12க்கு கீழ இருந்தா வர்ற களைப்ப எந்த பவுடரும் போக்காது, டாக்டர் சொல்ற இரும்பு மாத்திரதான்.

மிச்ச கணக்கு: இப்போ கைல இருந்து போறது 4,000மும் 1,600மும், 5,600. சாப்பாடு 2,800 போக 2,500 நகைக் கடனுக்கு, 14 மாசத்துல செயின் கழுத்துக்கு வந்துடும். மீதி 300ஐ தனியா எடுத்து வைங்க, போட்டிக்கு போற டிரெயின் செலவுக்கு ஆகும். பிளஸ் ஒன் சேரும்போது தமிழ்நாடு விளையாட்டு ஆணையமான எஸ்டிஏடி நடத்துற ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷனுக்கு அப்ளை பண்ணுங்க, சாப்பாடும் தங்குறதும் அரசாங்கமே பாத்துக்கும். அந்த 6 மாச ஆஃபர் காரங்க திரும்ப போன் பண்ணா வேணாம்னு சொல்லி வச்சிடுங்க, அட்வான்ஸ் ஏதும் குடுத்திருந்தா மட்டும் பில்லோட எனக்கு எழுதுங்க.