94 சதவீதம் வந்தால் நல்ல மாடலா?

கேள்வி: எம்.எஸ். சர்ஜரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்ட 400 பேரின் கேஸ் ஷீட்டை வைத்து, பிறகு யாருக்குச் சீழ் பிடிக்கும் என்று கணிக்க ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் வாக்கை எண்ணிக் கணிக்கும் கணினி முறை) மாடல் ஒன்று செய்தேன். சீழ் பிடித்தவர்கள் 24 பேர். துல்லியம் 94 சதவீதம். வார்டில் பயன்படுத்தலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 400-ல் 24 போனால் 376. அதுவே 94 சதவீதம்தான். 'யாருக்கும் சீழ் பிடிக்காது' என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் இதே மார்க் கிடைக்கும். அந்த 24 பேரில் எத்தனை பேரை மாடல் பிடித்தது என்று முதலில் எண்ணுங்கள்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய பட்டியலில் 'ஆன்டிபயாட்டிக் கொடுத்த நாட்கள்', 'வார்டில் இருந்த நாட்கள்' என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கின்றன. சீழ் பிடித்ததால்தானே அந்த நாட்கள் நீண்டன? விடைத்தாளைக் கையில் கொடுத்துப் பரீட்சை வைத்த கதை இது. கணிப்பு தையல் போட்டு முடிக்கும் நேரத்தில் என்றால், அதுவரை தெரிந்தது மட்டுமே உள்ளே போக வேண்டும்: வயது, எத்தனை நாள் வலியோடு வந்தார், சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), முக்கியமாகக் குடல்வால் ஓட்டையாகியிருந்ததா என்பது. 24 பேரை வைத்து 30 நெடுவரிசை கொடுத்தால் மாடல் மனப்பாடம்தான் செய்யும். நாலைந்து நெடுவரிசையும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனும் (ஆம், இல்லை என்ற விடைக்கான வாய்ப்பைக் கணக்கிடும் எளிய புள்ளியியல் முறை) போதும். (எளிமைக்கு ஓர் உதாரணம்: 1986-ல் வந்த ஆல்வராடோ ஸ்கோர். அது குடல்வால் அழற்சியைக் கண்டுபிடிக்கத்தான், பின்விளைவைக் கணிக்க அல்ல. ஆனாலும் பத்து மார்க்கை நைட் டியூட்டியில் விரல்விட்டுக் கூட்டிவிடலாம் என்பது அதன் பெரிய பலம்.)

எனக்குப் பெரிய சந்தேகம் அந்த 376 பேர் மீதுதான். கேஸ் ஷீட் டிஸ்சார்ஜோடு முடிந்துவிடுகிறது. வயிற்றுக்குள் சேரும் சீழோ பல சமயம் வீட்டுக்குப் போன பிறகுதான் காய்ச்சலாகத் தலைகாட்டும். ஊரில் பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டவர் உங்கள் எக்செல் ஷீட்டில் சுகமாக இருக்கிறார்! அமெரிக்காவில் 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ்' என்ற அறுவை மருத்துவர் சங்கம் நடத்தும் தரவுத் திட்டத்தில் ஒவ்வொருவரையும் 30 நாள் வரை பின்தொடர்வது இதனால்தான்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கிக்கொண்டு போனை எடுங்கள். காய்ச்சல் வந்ததா, காயத்தில் ஏதாவது வடிந்ததா, வேறு எங்காவது காட்டினீர்களா? மூன்றே கேள்வி. அதன் பிறகும் 24 என்ற எண் மாறவில்லை என்றால் எழுதுங்கள், மாடலைப் பற்றிப் பேசலாம்.