அப்பாவின் கடைக் கணக்கும் ஓர் அனுபவமே: முகப்புக் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: மூதூரைச் சேர்ந்த நான் கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா முடித்துள்ளேன். நிலாவெளியிலுள்ள ஹோட்டல் ஒன்றில் கணக்கு உதவியாளர் பதவிக்குச் சுயவிபரக்கோவையுடன் முகப்புக் கடிதமும் கேட்டுள்ளார்கள். நாளாந்த வரவுசெலவுப் பதிவும் வழங்குநர்களின் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்ப்பதும்தான் வேலை என்று விளம்பரம் கூறுகிறது. அப்பாவின் ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்த்ததைத் தவிர எனக்கு அனுபவம் இல்லை. கடிதத்தில் எதை எழுதுவது?

பதில்: அந்தக் கடையைத்தான் எழுத வேண்டும். நீங்கள் என்ன படித்தீர்கள், எப்போது சித்தியடைந்தீர்கள் என்பதையெல்லாம் சுயவிபரக்கோவை சொல்லிவிடும். விளம்பரத்தில் கேட்ட வேலையை இவரால் செய்ய முடியும் என்று நம்புவதற்கு ஓர் ஆதாரத்தைத் தருவதே முகப்புக் கடிதத்தின் பணி. அந்த ஆதாரம் உங்கள் கையில் இருக்கும்போது, அதை அனுபவமே இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பெரும்பாலான கடிதங்கள், “நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள், குழுவாக இயங்கக்கூடியவள்” என்று தொடங்குகின்றன. இவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாசிக்கும் முகாமையாளர் இவற்றைச் சரிபார்க்க வழியில்லை, விண்ணப்பிக்கும் எல்லோரும் இதையே எழுதுகிறார்கள். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: “எங்கள் குடும்பத்தின் ஹாட்வெயார் கடையில் நாளாந்த விற்பனையையும் கடன் கொப்பியையும் நானே எழுதி வருகிறேன். சீமெந்து, கம்பி வழங்குநர்களின் பற்றுச்சீட்டுகளை, வந்திறங்கிய சரக்குடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் செலுத்த ஒப்புதல் கொடுப்பேன்.” விளம்பரம் கேட்ட இரண்டு வேலைகளும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் வந்துவிட்டன. கணக்கை எக்செலில் வைத்திருந்தால் அதையும் ஒரு வரியில் சேருங்கள். செய்யாததை மட்டும் எழுத வேண்டாம். நேர்முகத் தேர்வின் முதல் கேள்வியே அதிலிருந்து வரக்கூடும்.

அடுத்த பந்தியில், அந்த ஹோட்டலுக்கு நீங்கள் ஏன் பொருந்துகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். “உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றுவது என் கனவு” என்ற புகழ்ச்சியால் பயனில்லை. நிலாவெளி, உப்புவெளிக் கரையில் சுற்றுலாப் பருவம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை நீடிப்பதால், பற்றுச்சீட்டுகள் குவியும் காலமும் அதுவே. பருவம் தொடங்குமுன் உங்களால் வேலையில் சேர முடியுமானால், எந்தத் திகதியிலிருந்து என்று எழுதுங்கள். மூதூர் முகவரியைக் கண்டதும் தினமும் எப்படி வருவார் என்ற ஐயம் முகாமையாளருக்கு எழும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் தரைவழிப் பயணம் இலகுவாகிவிட்டாலும் நிலாவெளி வரை தூரம் கணிசமானதே. ஆகவே திருகோணமலை நகரில் தங்கப் போகிறீர்களா, பஸ்ஸில் வந்து போவீர்களா என்பதை அவர் கேட்குமுன் நீங்களே ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் எந்த அளவுக்குப் பேசுவீர்கள் என்பதும் ஹோட்டல் வேலைக்கு முக்கியம்.

குடும்பக் கஷ்டம் இருந்தாலும் அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்றே ஆலோசனை கூறுவேன். அந்தச் சுமை எவ்வளவு உண்மையானது என்பதை நான் அறிவேன். ஆனால் அது உங்களுக்குக் கணக்கு வேலை தெரியும் என்பதைக் காட்டாது. மதம், அடையாள அட்டை இலக்கம் போன்றவையும் இங்கே தேவையில்லை.

விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அதே மொழியில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஆங்கிலமானால் இலக்கணத்தை ஆசிரியர் ஒருவரிடம் திருத்திக்கொள்ளலாம். வாக்கியங்கள் உங்களுடையவையாக இருக்கட்டும். மின்னஞ்சலின் தலைப்பில் பதவியின் பெயரைக் குறிப்பிட்டு, கடிதத்தைப் பிடிஎஃப் கோப்பாக இணையுங்கள். அரச வேலைகளுக்கு நடைமுறை வேறு: வர்த்தமானியில் தந்த மாதிரிப் படிவத்தை அப்படியே பின்பற்றி, கேட்டிருந்தால் கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

கடை அப்பாவுடையது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரையே உங்களுக்குச் சான்று சொல்பவராகக் காட்டாதீர்கள். சுயவிபரக்கோவையில், டிப்ளோமா விரிவுரையாளர் ஒருவரையும், கடைக்குச் சரக்குத் தரும் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி ஒருவரையும், இருவரின் சம்மதத்தையும் பெற்றுக்கொண்டு குறிப்பிடுங்கள். நீங்கள் பற்றுச்சீட்டுகளை எவ்வளவு கவனமாகப் பார்ப்பீர்கள் என்பதை அந்தப் பிரதிநிதியால் நேரில் கண்டவராகச் சொல்ல முடியும்.