பிச்சையம்மாள் என்ற பெயரை மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. சொந்த ஊர் சிவகங்கை பக்கம் ஒரு கிராமம். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லையாம், அதனால் அப்பத்தா எனக்கு இந்தப் பெயரை வைத்தார். பள்ளிக்கூடத்திலிருந்தே கிண்டல்தான். ஆபீசில் புதிதாக யார் சேர்ந்தாலும் என் பெயரைக் கேட்டதும் ஒரு சிரிப்பு. இப்போது எனக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டில், பத்திரிகை அடிப்பதற்குள் பெயரை மாற்றிவிடச் சொல்கிறார்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து அப்பத்தா சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கும் மாற்ற ஆசைதான், ஆனால் மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?
பிச்சையம்மாள், சென்னை

பதில்:

அன்புள்ள பிச்சையம்மாள்,

மாற்றுவதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மாற்றினால் அது பாவமும் இல்லை, நன்றிகெட்டதனமும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் இந்தப் பெயர் வந்த கதையை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். சிரித்தவர்களுக்கு அது தெரியாது. உங்களுக்கும் பாதிதான் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்து வரும் பிள்ளையைக் காப்பாற்ற நம் கிராமங்களில் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள், குப்புசாமி என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தவிடு அளந்து திரும்ப வாங்கினார்கள். ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று பிள்ளைகளை இன்றைக்கும் சீண்டுகிறோமே, அது ஒரு காலத்தில் நிஜமாகவே நடந்த சடங்கு. ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்தி மூக்கன், மூக்கையா என்று கூப்பிட்டார்கள். இன்னும் சிலர் நாலு வீட்டு வாசலில் நின்று அரிசியும் காசும் பழந்துணியும் பிச்சை கேட்டு வாங்கினார்கள். அந்தத் துணியைத்தான் பிள்ளைக்குப் போர்த்தினார்கள். உங்கள் பெயர் அந்த வழியில் வந்தது.

இது எங்கள் பிள்ளையே இல்லை, யாரோ போட்ட பிச்சை, யாரும் ஆசைப்படும்படி இதில் ஒன்றுமில்லை என்று எமனுக்கும் கண்ணேறுக்கும் சொல்லிப் பார்த்தார்கள். தாங்கமுடியாத ஆசை வைத்திருந்த பிள்ளைக்குத்தான் இந்தப் பெயர் கிடைத்தது. இதை ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ போன்ற பெயர்களோடு சேர்த்துவிடாதீர்கள். அவை அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண் பிள்ளைகள் தலையில் கட்டியவை. அப்படிப் பெயர் உள்ள ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தால், ஒரு நொடிகூட யோசிக்காமல் மாற்றிவிடுங்கள் என்றுதான் பதில் எழுதியிருப்பேன்.

நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். வங்காளத்தில் தீன்கொடி, பாஞ்ச்கொடி என்ற பெயர்கள் உண்டு. மூன்று சோழிக்கும் ஐந்து சோழிக்கும் விலைபேசி வாங்கிய பிள்ளைகள் அவர்கள். சீனக் கிராமங்களில் நாய் தின்று மிச்சம் வைத்தது என்று பொருள்படும் செல்லப்பெயரைக்கூட வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் ஒடிசாவின் பக்கீர் மோகன் சேனாபதி. 1843-ல் பாலேஸ்வர் பக்கம் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் பிரஜமோகன். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். ஒரு கடும் நோயில் பிள்ளை பிழைக்காது என்ற நிலை வந்தபோது, பிழைத்தால் இவனைப் பக்கீராக்கிவிடுகிறேன் என்று அந்த ஊர் பீர்களிடம், அதாவது முஸ்லிம் ஞானிகளிடம், பாட்டி வேண்டிக்கொண்டார். அவர் இந்து. அன்றைக்கு எந்த வாசலில் பிள்ளை பிழைக்கும் என்பது மட்டுமே அவருக்கு முக்கியமாக இருந்தது. பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அதனால் ஒவ்வொரு வருஷமும் மொஹரம் நாட்களில் பேரனுக்குப் பக்கீர் வேஷம் கட்டி வீடு வீடாகப் பிச்சை எடுக்க வைத்தார். பெயரும் பக்கீர் மோகன் ஆனது. நவீன ஒடியா உரைநடையின் தந்தை என்று இன்று கொண்டாடப்படுபவர் அவர்தான். பாட்டி வைத்த பெயரிலேயே எழுதினார், அந்தப் பெயரிலேயே நிலைத்தார்.

தமிழ்நாட்டிலும் இந்தப் பெயர் எல்லா மதத்திலும் உண்டு. பிச்சைமுத்து, பிச்சைக்கனி, பக்கீர் மைதீன் என்று உங்கள் மாவட்டத்தில் விசாரித்தாலே கிடைப்பார்கள். பிச்சாண்டி என்ற பெயருக்கு வேறொரு வேரும் இருக்கிறது. கையில் கபாலம் ஏந்திப் பிச்சைக்குப் புறப்பட்ட சிவன் பிச்சாடனர், திருச்சிக்குப் பக்கத்தில் பிச்சாண்டார்கோவில் என்றே ஒரு ஊர் உண்டு. சாமிக்கு நேர்ந்துகொண்டு மடிப்பிச்சை எடுப்பதை நம் பெண்கள் கௌரவக் குறைச்சலாக நினைத்ததே இல்லை. புதுக்கவிதைக்கு வழிபோட்ட ந. பிச்சமூர்த்தியின் பெயரிலும் இதே சொல்தான். சுந்தர் பிச்சையைச் சொல்லவே வேண்டாம். உங்கள் ஆபீசில் சிரிக்கிறவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது சிரிக்கிறார்களா?

அப்படியென்றால் இப்போது ஏன் யாரும் இந்தப் பெயரை வைப்பதில்லை? நாகரிகம் மாறியது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்தப் பெயருக்கான தேவையே குறைந்துபோனது. 1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் 2020-ல் அந்த எண்ணிக்கை 13. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்த பிறகு எமனை ஏமாற்றப் பெயர் தேட வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. உங்கள் பெயர் பழசாகத் தெரிவது இதனால்தான். அது எனக்கு மிகவும் சந்தோஷம் தருகிற விஷயம்.

சரி, இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெயரை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். ஆனால் அவர்கள் ஒரு கொள்கைக்காகத் தாங்களே மாற்றிக்கொண்டார்கள், கல்யாணப் பத்திரிகைக்காக அல்ல. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த ஒரு வரிதான். மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அவரிடம் நேரில் பேசுங்கள். முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றியும் அப்பத்தாவைப் பற்றியும் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் அவருக்குப் பெயர்தான் பெரிதாகப் பட்டால், கல்யாணத் தேதியைக் கொஞ்சம் தள்ளிவைத்து யோசிக்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

அப்புறம், இந்த வாரமே ஊருக்குப் போய் அப்பத்தாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். மாற்றப்போகிறேன், மாற்றவில்லை என்று எதுவும் சொல்ல வேண்டாம். எந்தெந்த வீட்டில் பிச்சை கேட்டார், எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார், அந்த இரண்டு குழந்தைகளுக்கும் பெயர் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவரை விட்டால் இதைச் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். அவர் சாப்பிடாமல் இருப்பது பெயர் போகிறதே என்பதற்காக மட்டும் இருக்காது, அந்தப் பழைய துக்கத்தை யாரும் மதிக்கவில்லையே என்பதற்காகவும் இருக்கலாம்.

பேசி முடித்த பிறகும் மாற்றத் தோன்றினால், முழுசாக அழிக்காமல் ஒரு வழி இருக்கிறது. பிடித்த பெயர் ஒன்றை முன்னால் சேர்த்து, பிச்சையம்மாளைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். ஆபீசில் முன்பெயர், ஊரில் பழைய பெயர். முழுசாக மாற்ற நினைத்தாலும் சரிதான். எதுவானாலும் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில் அதற்குப் படிவம் உண்டு. சான்றிதழ் நகல்கள், சான்றொப்பம், கட்டணம் எல்லாம் கேட்பார்கள். அரசிதழ் கைக்கு வந்ததும் ஆதார், பான், வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பள்ளி மதிப்பெண் சான்றிதழில் பழைய பெயர் இருக்கும் என்பதால் அரசிதழ்ப் பிரதிகளைப் பத்திரமாக வைத்திருங்கள். மாற்றுவதாக இருந்தால் திருமணப் பதிவுக்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தச் சான்றிதழுக்கும் சேர்த்து இன்னொரு முறை அலைய நேரிடும்.