பிளாக் புஷ்ஷா, பிளாக் பேரலா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான்கு ஆண்டுகளாக டப்ளினில் வேலை செய்கிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர் இந்த மாதம் ஓய்வுபெறுகிறார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு கிளாஸ், ஐஸ் போடாமல், அரைமணி நேரம் வைத்துக் குடிப்பவர். அவருக்கு ஒரு நல்ல ஐரிஷ் விஸ்கி வாங்கித்தர ஆசை. புஷ்மில்ஸ் பிளாக் புஷ், ஜேம்சன் பிளாக் பேரல் என்று இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. விலை ஒன்றென்றால் தரமும் ஒன்றுதானா? இன்னொரு குழப்பமும் உண்டு. அவர் கத்தோலிக்கர். “புஷ்மில்ஸ் புராட்டஸ்டண்டுகளின் விஸ்கி, அதைக் கொடுக்காதே” என்கிறார் ஒரு நண்பர். என்ன செய்யட்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிளாக் புஷ் வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த மதக் கதை. புஷ்மில்ஸ் வடக்கு அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் இருக்கிறது. ஜேம்சன் இப்போது தெற்கே கார்க் பகுதியின் மிடில்டனில் தயாராகிறது. வடக்கைப் புராட்டஸ்டண்டுகளோடும் தெற்கைக் கத்தோலிக்கர்களோடும் சேர்த்துப் பேசுவது வழக்கம். வரைபடத்தில் இருக்கும் அந்த எல்லைக்கோட்டை யாரோ பாட்டிலிலும் போட்டுவிட்டார்கள். ஆனால் ஜேம்சனுக்குப் பெயர் தந்த ஜான் ஜேம்சன் ஸ்காட்லாந்திலிருந்து வந்த புராட்டஸ்டண்ட். 1970களின் தொடக்கத்திலிருந்து 2005 வரை இரண்டு பெயர்களும் ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருந்தன. அதைவிட முக்கியமானது இது: புஷ்மில்ஸ் ஆலையில் வடிப்பது மால்ட் விஸ்கி, அதாவது முளைகட்டிய பார்லியில் செய்தது. அதனுடன் கலக்கும் கிரெய்ன் விஸ்கி, அதாவது மக்காச்சோளம் போன்ற தானியங்களில் செய்தது, நெடுங்காலம் மிடில்டனிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. வடக்கின் பாட்டிலுக்குள் தெற்கின் சரக்கு இருந்திருக்கிறது. உங்கள் நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். இருந்தாலும் ஒருவரின் மதத்தைப் பார்த்து அவருக்கான பரிசை முடிவுசெய்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்து விலை. 40 சதவீத ஆல்கஹால் கொண்ட 700 மில்லி பாட்டிலில் தூய ஆல்கஹால் 280 மில்லி. தூய ஆல்கஹால் லிட்டருக்கு 42.57 யூரோ என்ற கணக்கில் அயர்லாந்து அரசின் கலால் வரி மட்டுமே 12 யூரோவைத் தொடும். அதன்மேல் 23 சதவீத மதிப்புக்கூட்டு வரி. நீங்கள் சொல்லும் இரண்டுமே 40 சதவீதம்தான் என்பதால் இந்தக் கலால் வரி இரண்டுக்கும் அச்சாக ஒன்று. மிச்சத்தில் கண்ணாடி, லேபிள், விளம்பரம், கடைக்காரரின் லாபம் எல்லாம் போக, உள்ளே இருக்கும் சரக்குக்கு எவ்வளவு என்று விலைச்சீட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது. நிறத்தையும் நம்ப வேண்டாம். கேரமல் சேர்த்து நிறத்தைச் சரிசெய்ய அங்கே சட்டமே இடம் தருகிறது.

உண்மையான வேறுபாடு தானியத்தில் தொடங்குகிறது. பார்லியை நனைத்து முளைகட்ட வைத்து உலர்த்தினால் அது மால்ட். முளைக்கும்போது உருவாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரைதான் புளித்து ஆல்கஹாலாகும். 1785இல் மால்ட்டுக்கு வரி வந்தபோது ஐரிஷ் வடிப்பாளர்கள் முளைகட்டாத பச்சை பார்லியையும் சேர்த்துக் காய்ச்சினார்கள். நொதிக்காகக் கொஞ்சம் மால்ட், மீதிக்குப் பச்சை பார்லி. வரிக்குப் பயந்து செய்ததோ என்னவோ, அதில் ஒரு தனிச்சுவை பிறந்துவிட்டது. நாக்கில் எண்ணெய்போலப் படியும் கனம், பின்னால் மிளகுபோல ஒரு காரம். பாட் ஸ்டில் விஸ்கி என்பது அதுதான். வரியின் காரணம் பழங்கதையாகிப்போன பிறகும் அயர்லாந்துக்காரர்கள் அந்தச் சுவையைக் கைவிடவில்லை. எனக்கு அவர்கள்மேல் பெரும் மதிப்பு வந்தது இதைத் தெரிந்துகொண்ட அன்றுதான்.

ஜேம்சன் வழிவந்த பிளாக் பேரலில் இந்தப் பாட் ஸ்டில் விஸ்கியும் கிரெய்ன் விஸ்கியும் கலந்திருக்கின்றன. பிளாக் புஷ்ஷில் பச்சை பார்லி கிடையாது. பெரும்பங்கு மால்ட், கொஞ்சம் கிரெய்ன்.

பிறகு பீப்பாய். போர்பன் விஸ்கிக்கு உட்புறம் கருக்கிய புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்பட்டவை கப்பலேறி அயர்லாந்துக்கு வருகின்றன. பிளாக் பேரலுக்கு அப்படி வந்த பீப்பாய்களை இன்னொரு முறை கருக்குகிறார்கள். பிளாக் புஷ்ஷுக்கு போர்பன் பீப்பாய்களோடு ஒலோரோசோ ஷெர்ரி என்ற ஸ்பானிய திராட்சை மது இருந்த பீப்பாய்களும் உண்டு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிளாஸ்களின் அடியில் பேனாவால் குறியிட்டு, வேறொருவரை ஊற்றச்சொல்லிவிடுவேன். பிளாக் பேரலை முகர்ந்தவுடன் வெனிலா, காய்ச்சிய சர்க்கரை, லேசாகக் கருகிய மரம். முதல் வாய் அருமையாக இருக்கும். பிளாக் புஷ் முதலில் அடக்கமாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் விட்டு, நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டால் உலர்திராட்சை, வாதுமை, பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசனை என்று ஒவ்வொன்றாக எழுந்துவரும். ஒருமுறை இரண்டு கிளாஸையும் கழுவாமல் விட்டுவிட்டு மறுநாள் காலையில் முகர்ந்தேன். பிளாக் பேரலில் கரியின் நெடி மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றதில் திராட்சை அப்படியே இருந்தது.

பிளாக் பேரலிடம் எனக்குள்ள குறை இதுதான். மிடில்டன் சரக்கில் நான் தேடுவது அந்தப் பச்சை பார்லியின் காரத்தை. இரண்டாம் முறை கருக்கிய மரம் அதன்மேல் இனிப்பைப் போர்த்திவிடுகிறது. இஞ்சிச் சோடாவில் கலந்து குடிப்பவருக்கு அந்த அழுத்தம் தேவை, அங்கே பிளாக் பேரல்தான் நிற்கும், பிளாக் புஷ் கரைந்துபோகும். உங்கள் மூத்தவரோ அரைமணி நேரம் கையில் வைத்திருப்பவர். அந்த அரைமணியில் மாறிக்கொண்டே வரும் விஸ்கி அவருக்குப் பொருந்தும்.

ஒன்றை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பாட் ஸ்டில் என்றால் அவருக்கு உயிர் என்று தெரியவந்தால், இரண்டையும் விட்டுவிட்டு, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து கிரீன் ஸ்பாட் வாங்குங்கள். டப்ளினின் மிட்செல் வணிகக் குடும்பம் தங்கள் பீப்பாய்களில் வைத்த பச்சை வண்ணப் பொட்டிலிருந்து வந்த பெயர் அது. முழுக்க பாட் ஸ்டில், கலப்பில்லை.

அன்புடன்.