படத்தில் தெரிவது மேகமா, புகையா?

2023 ஜூன் 7 அன்று நியூயார்க் வானத்தை ஆரஞ்சாக்கியது கனடாவின் கியூபெக் காட்டுத்தீப் புகை. அதைச் செயற்கைக்கோள் படங்களில் பின்தொடர்வது பற்றி வந்த கேள்விகள் இவை.

அக்கா, படத்தில் எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. புகையை எப்படிப் பிரித்தறிவது?

மேகம் திரள் திரளாக இருக்கும் தம்பி, நிழலும் விழும். புகை அப்படியில்லை, கழுநீர் மாதிரி கலங்கலாக, சாம்பலும் பழுப்புமாகப் படர்ந்து ஓரத்தில் கரைந்துபோகும். சந்தேகம் தீரவில்லையா? அதே நேரத்து வெப்ப அகச்சிவப்புப் படத்தையும், அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரில் எடுத்த படத்தையும் பாருங்கள். மேகம் அங்கேயும் இருக்கும், புகை பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். புகைத்துகள் அவ்வளவு நுண்ணியது, அந்தக் கதிர் தடையில்லாமல் கடந்துவிடும். அப்புறம், உச்சிவெயிலில் மங்கலாகத் தெரியும் புகை காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்ந்திருக்கும்போது எடுப்பாகத் தெரியும்.

கியூபெக் புகை ஏன் நேராகத் தெற்கே போனது?

கோஸ்-16 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அரைக்கோளம் முழுவதையும் படமெடுத்தது. அந்தப் படங்களை வரிசையாக ஓட்டினால் விடை கண்ணெதிரே இருக்கும். கிழக்குக் கரையோரம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நகராமல் நின்று, இடஞ்சுழியாகச் சுழன்றது. அதன் மேற்கு விளிம்பில் வடக்கிலிருந்து வீசிய காற்று புகையை நாக்கு நீட்டினாற்போல நியூயார்க் பக்கம் இழுத்தது.

டொராண்டோவில் இருக்கிறேன். எங்கள் ஊர்மேல் அடர்ந்த புகை தெரிகிறது, ஆனால் வாடையே இல்லை. மகனுக்கு ஆஸ்துமா. வெளியே விடலாமா?

இதை மட்டும் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் அம்மா. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. தரையிலிருந்து உச்சிவரை உள்ள புகையெல்லாம் ஒரே தளமாகத் தெரியும். புகை 3 கிலோமீட்டர் உயரத்தில் போனால் கீழே காற்று நன்றாகவே இருக்கலாம். மாறாக, படத்தில் லேசாகத் தெரியும் புகை தரையோடு தங்கி மூச்சை அடைக்கவும் செய்யும். பக்கத்துக் காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் பிஎம் 2.5 அளவை, அதாவது நுரையீரலுக்குள் போகும் நுண்துகளின் அளவைப் பாருங்கள். அது அதிகமாக இருந்தால் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருங்கள், இன்ஹேலர் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எவ்வளவு தூரம் போகும்?

அந்த ஜூன் மாதக் கடைசியில் அட்லாண்டிக் தாண்டி போர்ச்சுகல், ஸ்பெயின்வரை போனது.

இரவில்?

சாதாரணப் படம் இருண்டுவிடும். நெருப்பு மட்டும் அகச்சிவப்பில் தெரியும். நல்ல நிலவு இருந்தால், மங்கலான ஒளியையும் பிடிக்கும் வியர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் இரவுப் படத்தில் புகையும் தெரியும். பௌர்ணமியையொட்டிய நாட்களில் தேடிப் பாருங்கள்.