942 வந்தாலும் 911 மூன்று இலக்கம்தான்

கேள்வி: ரொறன்ரோவுக்கு 942 என்று புதிய பகுதிக் குறியீடு வந்துவிட்டதாம். வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார். இனி 911, 811 எல்லாவற்றுக்கும் முன்னால் 416 அழுத்த வேண்டுமா? (ஸ்காபரோ)

பதில்: வேண்டாம், அழுத்தவும் கூடாது. 416-911 என்று அழுத்தினால், மீதி நான்கு இலக்கமும் வரும் என்று தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகம் காத்திருக்கும். அவசர நேரத்தில் அந்தச் சில நொடிகளும் வீண்.

1947 முதல் ரொறன்ரோவுக்கு 416 தான். எண்கள் போதாமல் 2001இல் 647, 2013இல் 437, 2025 ஏப்ரலில் 942 என்று அதே நகரத்தின் மேலேயே ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஒரே ஏழு இலக்க எண் இப்போது நான்கு குறியீட்டிலும் நான்கு பேரிடம் இருக்கலாம். ஆகவே 2001 முதலே உள்ளூர் அழைப்புக்கும் பத்து இலக்கம் வேண்டும். 942 வந்ததால் அதில் எதுவும் மாறவில்லை.

211, 311, 411, 511, 611, 711, 811, 911 ஆகியவை பத்து இலக்கத்திலிருந்து தப்பியதற்குக் காரணம் அவற்றின் வடிவம். 11இல் முடியும் மூன்று இலக்கத்தைப் பகுதிக் குறியீடாகவோ, அதற்கு அடுத்த ஏழு இலக்க எண்ணின் தொடக்கமாகவோ கொடுப்பதில்லை. ஆகவே மூன்றாவது இலக்கம் விழுந்ததுமே இணைப்பகத்துக்கு விஷயம் புரிந்துவிடும்.

அப்பாவின் ஃபோனில் நீங்கள் பார்க்கவேண்டியது வேறு. ஒற்றைப் பொத்தானில் பதிந்துவைத்த பிள்ளைகளின் எண்கள், கழுத்தில் போடும் அவசரப் பொத்தான், அலாரம் பெட்டி ஆகியவற்றில் ஏழு இலக்கம் மட்டும் இருந்தால் அழைப்பு போகாது. விரல் தவறினால் மனிதர் மறுபடி அழுத்துவார். பெட்டியோ பதிந்ததையேதான் திரும்பத் திரும்ப அழுத்தும். மூன்று இலக்க அழைப்பு போகிறதா என்று பார்க்க நகரசபையின் 311ஐ அழையுங்கள். சோதனைக்கு 911ஐ ஒருபோதும் அழைக்காதீர்கள்.

கேள்வி: 988 மட்டும் 11இல் முடியவில்லையே, அது எப்படி வேலை செய்கிறது?

பதில்: நல்ல கேள்வி. தற்கொலை எண்ணம் வருத்தும்போது அழைக்கவோ குறுஞ்செய்தி அனுப்பவோ உள்ள இந்த எண் கனடாவில் 2023 நவம்பர் 30 அன்று தொடங்கியது. ஏழு இலக்கம் நடைமுறையில் இருந்த ஊர்களில் இதுதான் சிக்கல்: 988 என்று அழுத்தியவர் நிறுத்திவிட்டாரா, அல்லது 988இல் தொடங்கும் பக்கத்து வீட்டு எண்ணுக்கு இன்னும் நான்கு இலக்கம் அழுத்தப்போகிறாரா என்று இணைப்பகத்துக்குத் தெரியாது. எனவேதான் நியூஃபவுண்ட்லாந்து, வட ஒன்ராறியோ, யெலோநைஃப் பகுதிகளை 2023 மே 31க்குள் பத்து இலக்கத்துக்கு மாற்றினார்கள். பத்து இலக்க எண் பகுதிக் குறியீட்டில்தான் தொடங்கும், 988 என்று பகுதிக் குறியீடு எதுவும் இல்லை. நீண்ட எண்ணைத் தொல்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும். இந்தக் குறுகிய எண்ணுக்கு வழிவிட்டதே அதுதான்.

கேள்வி: பிரிட்டிஷ் கொலம்பியாவில் மனநல உதவிக்கு 310-6789, பகுதிக் குறியீடு தேவையில்லை என்கிறார்கள். எங்கள் இணையத் தொலைபேசியில் போகவே இல்லை. (சரே)

பதில்: எண் சரியானது. 310இல் தொடங்கும் ஏழு இலக்க எண்கள் கனடாவுக்கே உரிய ஏற்பாடு. பத்து இலக்கம் கட்டாயமான மாகாணங்களிலும் அவற்றை ஏழாகவே வைத்திருக்கிறார்கள். அல்பேர்ட்டா அரசின் 310-0000 எண்ணும் அப்படித்தான்.

கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டு அடாப்டரில், அதாவது தொலைபேசியை இணையத்தோடு இணைக்கும் பெட்டியில், இருக்கும். பல அடாப்டர்கள் ஏழு இலக்கம் கண்டதும் முன்னால் 604 போன்ற ஒரு குறியீட்டைத் தாமே ஒட்டிவிடும். அப்போது அழைப்பு 604-310-6789 என்று போய், இணைப்பு கிடைக்காமல் போகலாம். இன்னொன்று, 310 என்பது லொஸ் ஏஞ்சலிஸ் பகுதிக் குறியீடும்கூட. சாதாரண லேண்ட்லைனில் அமெரிக்காவுக்கு முன்னால் 1 வேண்டும். அந்த 1 இல்லாமல் 310 வந்தால் ஏழுடன் முடியும் என்று இணைப்பகம் எடுத்துக்கொள்ளும். 1 இல்லாமலே அமெரிக்காவை அழைக்கவிடும் இணையச் சேவையில் அந்த அடையாளம் இல்லை. ஏழு இலக்கம் அழுத்தியபின் இன்னும் மூன்று வருமா என்று அது காத்திருக்கும்.

அடாப்டரின் டயல் விதியில் 310உடன் நான்கு இலக்கம் என்ற வரியை, குறியீடு ஒட்டும் வரிக்கு முன்னால் சேர்க்கச் சொல்லுங்கள். 988க்கும் ஒரு தனி வரி வேண்டும். அதன்பிறகும் போகாவிட்டால் உங்கள் நிறுவனம் 310 எண்களுக்கு இணைப்பே வைத்திருக்காது. சேவை வாங்குமுன் இதைக் கேட்டுவிடுவது நல்லது. அதுவரை 310-6789ஐக் கைபேசியிலிருந்து அழையுங்கள்.

கூடவே, அந்தச் சேவையில் உங்கள் முகவரி சரியாகப் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இணையத் தொலைபேசியின் 911 அழைப்பு பெரும்பாலும் இடையில் ஓர் ஆளிடம் போய்த்தான் உள்ளூர் நிலையத்துக்கு மாறும். வீடு மாறியபின் பழைய முகவரியே கிடந்தால் அம்புலன்ஸ் பழைய வீட்டுக்குப் போகக்கூடும்.

கேள்வி: எனது புது எண் 942. அடுக்குமாடி வாசலில் பஸர் அழுத்தினால் என் ஃபோன் அடிப்பதில்லை. மற்றவர்களுக்கு அடிக்கிறது.

பதில்: வாசல் பெட்டியின் உள்ளூர்ப் பட்டியலில் 416, 647, 437 மட்டும் இருக்கும். 942ஐத் தெரியாத எண்ணாகவோ தூர அழைப்பாகவோ எடுத்துத் தடுக்கிறது. கட்டட நிர்வாகத்திடம் 942ஐ அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள், உங்கள் எண்ணுக்கு முன்னால் 1 போடவேண்டாம் என்றும் சொல்லுங்கள். பழைய அலுவலகத் தொலைபேசிப் பெட்டிகளிலும் இதே குறைதான்.

கேள்வி: அலுவலகத்தில் வெளி அழைப்புக்கு 9, பிறகு 1. ஒருநாள் 1 இரண்டுமுறை விழுந்து 911க்குப் போய்விட்டது. உடனே வைத்துவிட்டேன். சரியா?

பதில்: வைக்கக்கூடாது. தவறுதலாக அழைத்தேன் என்று சொல்லும்வரை இணைப்பில் இருங்கள். வைத்துவிட்டால் அவர்கள் திரும்ப அழைத்து விசாரிக்கவேண்டும், தேவைப்பட்டால் பொலிசையும் அனுப்புவார்கள். வெளி இணைப்புக்கு 9க்குப் பதில் 7 அல்லது 8 வைக்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். வெளி இணைப்பு இலக்கம் இல்லாமல் நேரே 911 அழுத்தினாலும் போகிறதா என்பதையும் அதே நாளில் உறுதிசெய்யச் சொல்லுங்கள்.