பக்கத்து அரசுகள் சேர்ந்தால் கார்பனைக் குறைக்க முடியுமா?

கேள்வி: மாநிலங்களும் மாவட்டங்களும் கூட்டாகக் கார்பன் குறைந்த பொருளாதாரத்தை உருவாக்குவது எப்படி? ராமநாதபுரம் போன்ற கடலோரத்துக்கு அதில் என்ன பங்கு?

முடியும். ஆனால் மேடையில் ஒப்பந்தம் போடுவதைவிட, யாரிடம் எது எந்த நேரத்தில் உபரி என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நம் வெயிலைக் காசாக்குகிறது. பொழுது சாய்ந்தால் அது படுத்துவிடும். வீடுகளில் விளக்கும் விசிறியும் ஓடுவதோ அதற்குப் பிறகுதான். கேரளத்தின் இடுக்கி போன்ற நீர்மின் நிலையங்களை வேண்டிய நேரத்தில் ஓட்டலாம். பகலில் நம் சூரிய மின்சாரம் அங்கே போனால், அணைத் தண்ணீர் மிச்சமாகும். அந்தத் தண்ணீர் மாலையில் இரு பக்கமும் நிலக்கரியைக் குறைக்கும். கேரளத்துக்கும் மாலையில்தான் தேவை அதிகம் என்பதால் விலை பேசுவது லேசல்ல. ஆனாலும், உபரிக் காலத்தில் மின்சாரம் கொடுத்துத் தட்டுப்பாட்டில் திரும்ப வாங்குவது மாநிலங்களுக்குப் பழக்கமானதுதான்.

அப்புறம் கடல். பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகள் கார்பனை அடிமண்ணில் புதைத்து வைக்கின்றன. புல்லுக்கு மாவட்ட எல்லை தெரியுமா என்ன? 2022-இல் அறிவித்த கடற்பசு காப்பகம் (நம் மீனவர்களுக்கு ஆவுளியா) தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கி.மீ. எல்லைக்கு இப்பால், நம் ராமநாதபுரத்தின் தொண்டிப் பக்கம் இழுவலை புல்லை வாரினால் அங்கே காப்பதில் பாதி வீண். கண்காணிப்பு பொதுவாக இருக்க வேண்டும்.

சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களை மட்டும் எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. சோலார் பராமரிப்புப் பயிற்சியை அவர்களிடமிருந்து தொடங்கலாம்.